வெள்ளை வட்டம்

குடும்பத்தில் நடந்ததை வெளியே பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் இது வானத்தில் நடந்தது. ஹமமத்சு ஊரே கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது. இனி மூடி வைக்க எதுவும் மிச்சமில்லை. அடுத்தவர் வாயில் போய் வேறு உருவம் எடுப்பதற்குள், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது மேல்.

கிசாபுரோ என் சித்தப்பா மகன். என்னைவிடச் சற்று இளையவன். எங்கள் வீடுகள் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு சிறிய லாரி மட்டும் நுழையக்கூடிய தெரு. அவன் வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்கட்டில் குடும்பம். பட்டறையில் மூன்று பிரஸ் மிஷின்கள். மோட்டார் சைக்கிளின் ஏதோ ஒரு மூலையில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தகடுகளை வளைத்துத் துளை போட்டுக் கொடுப்பது தொழில். காலையில் முதல் மிஷின் ‘டங்’ என்று இறங்கும்போது என் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும். அதிராத நாளில் எனக்குக் காலைத் தேநீர் ருசிப்பதில்லை.

குளிர்காலத்தில் எங்கள் பக்கம் பனி விழாது. வறண்ட காற்றுதான் அடிக்கும். மலையிலிருந்து இறங்கிக் கடல்வரை ஓயாமல் அடிக்கும். கொடியில் துணி நிற்காது, நிறுத்திய சைக்கிள் நிற்காது. அந்தக் காற்றிலும் கிசாபுரோ தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்து நான் பார்த்ததில்லை. பறந்தால் பறக்கட்டும் என்று விட்டுவிடுவான். பிறகு அவன் மனைவி சுமியே போய், யார் வீட்டு வேலியிலிருந்தாவது எடுத்து வருவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், மினோரி. பட்டறையில் கடைசிச் சோதனை அவளுடையது. முடிந்த தகட்டின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவாள். மிஷினில் நிற்பவன் எவர்ட்டன். பிரேசிலிலிருந்து தாயோடு ஜப்பானுக்கு வந்தபோது அவன் சிறு குழந்தை. தகப்பன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பேட்டையின் ஓரத்தில், கால்வாயை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தான். எங்கள் பள்ளியில் படித்தான். படிப்பு முடிந்ததும் கிசாபுரோவின் பட்டறைக்கு வந்தான். அவன் தாய் நேய்டே சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். “எவர்ட்டன் மாதிரி பையன் கிடைக்க மாட்டான்” என்று கிசாபுரோ எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சு மிஷினோடு நின்றுவிட்டது.

போன கோடையின் கடைசியில், மதிய ஓய்வில், நான் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மினோரி கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“அப்பா, நானும் எவர்ட்டனும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம். ஜனவரில குழந்தை.”

கிசாபுரோ கோப்பையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கவிழ்த்தான். எவர்ட்டன் பக்கம் திரும்பினான்.

“மூணாவது மிஷினுக்கு எண்ணெய் போட்டியா?”

“போட்டாச்சு முதலாளி.”

“அப்ப வேலையைப் பாரு.”

அவ்வளவுதான். மினோரி அந்த வாரமே எவர்ட்டனின் குடியிருப்புக்குப் போய்விட்டாள். வயிறு பெரிதாகும்வரை காலையில் வந்து வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் போனாள். எவர்ட்டன் தினமும் வந்தான். பழையபடி ‘முதலாளி’ என்றே கூப்பிட்டான். மாமா என்று கூப்பிட அவனுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

ஜனவரியில் காற்று உச்சத்தில் இருந்தபோது பையன் பிறந்தான். ரூயி என்று பெயர் வைத்தார்கள். சுமியே முள்ளங்கி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குடியிருப்புக்குப் போய் வருவாள்.

“ஒரு முள்ளங்கி வாங்க மதியம் பூரா எந்தக் கடைக்குப் போற?” என்று கிசாபுரோ ஒரு நாள் கேட்டான்.

“விலை மலிவான கடை தூரத்துல இருக்குங்க.”

“முள்ளங்கி எங்க?”

“தீர்ந்துபோச்சாம்.”

அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியும். குழந்தை யார் சாயல் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவள் திரும்பிவரும் நேரத்தில் வாசலருகே அவனுக்கு ஏதாவது வேலை இருந்தது.

எங்கள் பேட்டையில் தலைப்பிள்ளைக்கு முதல் மே மாதம் பட்டம் விடுவார்கள். கையில் பிடித்து விளையாடும் பட்டம் அல்ல. ஒரு அறையை மூடும் அளவு காகிதம், மூங்கில் சட்டம், ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து இழுக்கும் சணல் கயிறு. நடுவில் பேட்டையின் அடையாளம். கீழே ஒரு மூலையில் குழந்தையின் பெயர், மறு மூலையில் அதன் குடும்பச் சின்னம். பகலில் பட்டம் ஏறும். மாலையில் பட்டக் குழு விளக்குகளோடும் எக்காளத்தோடும் அந்த வீட்டு வாசலுக்கு வந்து குழந்தையை வாழ்த்தும். தாத்தா வீடு தனியாக இருந்தால் அந்த வாசலிலும் நிற்கும். எங்கள் குடும்பச் சின்னம், வட்டத்துக்குள் மூன்று ஓக் இலை. புதுத் தளிர் வரும்வரை ஓக் மரம் பழைய இலையை உதிர்ப்பதில்லை. வம்சம் அறுந்துபோகக் கூடாது என்று முன்னோர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லறையில் அதுதான் இருக்கிறது. வாசல் விளக்கிலும் அதுதான்.

மார்ச் மாதம் பட்டக் குழுத் தலைவர் ஓபா, கிசாபுரோ வீட்டுக்கு வந்தார். சாக்கே என்னும் அரிசி மது விற்கும் கடைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், குரல் எப்போதும் தெருவுக்குக் கேட்கும். ஏதோ மனதில் பட்டுக் கிசாபுரோ என்னையும் கூப்பிட்டனுப்பினான். சுமியே தட்டு நிறைய இறைச்சிக் கொழுக்கட்டை பொரித்து, நடுவில் வேகவைத்த முளைகட்டிய பயறு குவித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

“அண்ணி கையால செஞ்சது. இதுக்காகவே தினம் வரலாம்” என்றார் ஓபா.

“வந்த விஷயத்தைச் சொல்லு” என்றான் கிசாபுரோ.

“எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது அண்ணே. ரூயிக்கு இந்த வருஷம் முதல் பட்டம். பட்டம் கட்டறவர் சின்னம் கேக்கறாரு.”

“யார் வீட்டுப் பட்டம்?”

“எவர்ட்டன் வீட்டுது.”

“அப்ப எவர்ட்டன் வீட்டுச் சின்னத்தைக் கேளு.”

“கேக்காம இருப்பேனா? அவங்கம்மாகிட்டயே போய்க் கேட்டேன். உங்க குடும்பத்துக்கு ஏதாவது அடையாளம் உண்டான்னு. உள்ள போய் ஒரு கால்பந்து கிளப் கொடியை எடுத்துட்டு வந்து விரிச்சாங்க.”

அடுக்களையில் சுமியே சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது. கிசாபுரோ கொழுக்கட்டையைப் புளிக்காடியில் தோய்த்தான், சாப்பிடவில்லை.

“இப்பல்லாம் அம்மா வீட்டுச் சின்னத்தைப் போடறதும் இருக்கு அண்ணே. போன வருஷம் நூல்கடை வீட்டுல மகள் வயித்துப் பேத்திக்குப் போட்டாங்க.”

“நூல்கடைக்காரன்கிட்ட மாப்பிள்ளை வீட்டார் முறையா வந்து உக்காந்து கேட்டாங்க. என்கிட்ட யார் வந்தா?”

“நான் வந்திருக்கேனே.”

“நீ கடைக்காரன். நாலு பட்டம் சேர்ந்து பறந்தா நாப்பது பீப்பாய் விக்கும்.”

ஓபாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் சிரித்தார். “விக்கத்தான் செய்யும். அதுக்காக இங்க வந்து உங்ககிட்டத் திட்டு வாங்கணுமா? அந்தப் பையன் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதிருந்து நம்ம கயிறு இழுக்கறான். மழையில நனைஞ்ச கயிறைத் தோள்ல சுமந்தவன். அவன் பிள்ளைக்குப் பட்டம் இல்லைன்னு சொல்ல என்னால முடியாது.”

“இல்லைன்னு நான் சொல்லலையே. தாராளமா விடுங்க. பிள்ளை அப்பன் வீட்டைச் சேர்ந்தது. அந்த வீட்டுல என்ன இருக்கோ அதைப் போடுங்க. நாங்க இத்தனை தலைமுறையா வெச்சிருக்கறதை, ஊர் பேர் தெரியாத இடத்துல இருந்து வந்தவங்களுக்கு எடுத்துக் குடுக்க முடியாது. நாளைக்கு மேல போறப்ப எங்கப்பன் முகத்துல நான் முழிக்கணும்.”

ஓபா என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்க மூத்த வீடு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“அவன் வாசல். அவன்தான் சொல்லணும்” என்றேன். முறை அதுதான்.

ஓபா தட்டைத் தள்ளி வைத்தார். “சரி. சாயங்காலம் ஊர்வலம் வரும்போது இங்க எப்ப நிக்கட்டும்? முதல்ல தாத்தா வீடா, அப்புறம் அங்கயா?”

“என் வாசலை விட்டுடுங்க.”

“விட்டுடறதுன்னா?”

“நிக்க வேணாம். ஊத வேணாம். சத்தமில்லாமத் தாண்டிப் போயிடுங்க.”

ஓபா எழுந்தார். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, குரலை முதல்முறையாகத் தாழ்த்தி, “நீங்க சொன்னபடியே செய்யறோம்” என்றார். கதவு சாத்தியபின் சுமியே தட்டை எடுத்தாள்.

“ஆறிப்போச்சு” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஏப்ரலில் பட்டக் குழுவின் கொட்டகையில் வேலை தொடங்கியது. சணலைப் பிரித்து முறுக்குவார்கள். முறுக்கியதை இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டி ஈரத்துணியால் உருவிவிடுவார்கள். கயிறு முறுக்குவதில் எங்கள் பேட்டையில் கிசாபுரோவுக்கு மேல் ஆளில்லை. அந்த வருஷம் அவன் வரவில்லை. முதுகு வலி என்று சொல்லியனுப்பினான். நான் போய் உட்கார்ந்திருந்தேன்.

“எவர்ட்டன், உன் பையன் பட்டம் பிரேசில் வரைக்கும் போகுமாடா?” என்று ஒருவன் கேட்டான்.

“நீ கயிறு வாங்கிக் குடு. போகுதா இல்லையான்னு நான் பாக்கறேன்.”

“அங்க போய் விழுந்தா உன் சொந்தக்காரங்க எடுத்து வெச்சுக்குவாங்க.”

“எடுத்து மேசை விரிப்பா ஆக்கிடுவாங்க. அளவு சரியா இருக்கும்.”

வெளியே மைதானத்தில் எக்காளக்காரர்களுக்குப் பயிற்சி. கை மேலே போனால் ஊத வேண்டும், சுழன்றால் வேகம், உள்ளங்கை தரையைப் பார்த்தால் நிறுத்த வேண்டும். துக்க வீட்டு வாசல் வந்தால் இப்படித்தான் கை தாழும் என்று ஓபா புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “அங்க விளக்கையும் இறக்கிடணும். தலையைக் குனிஞ்சு நடக்கணும். அந்த வாசல் தாண்டற வரைக்கும் யாரும் இருமக்கூடாது, புரிஞ்சுதா?”

அப்போது மினோரி வந்தாள். குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். அதன் சுருட்டை முடி தொப்பிக்கு வெளியே நின்றது. பட்டம் கட்டுகிறவர் கேட்டனுப்பிய கேள்வியை ஓபா அவளிடம் கேட்டார். சின்னத்துக்குப் பதில் என்ன போடுவது?

“ஒரு பூ போடலாம். இல்லைன்னா மீன். பையனுக்கு மீன் நல்லா இருக்கும்” என்றார் ஓபா.

“வட்டத்தை மட்டும் போடுங்க” என்றாள் மினோரி.

“வெறும் வட்டமா?”

“ஆமா. உள்ள ஒண்ணும் வேணாம்.”

“ஏம்மா, பாக்கறவங்க கேப்பாங்களே.”

“கேக்கட்டும். இருக்கற வீடு குடுக்கல. அதை மறைக்க நான் ஏன் ஒரு மீனைத் தேடணும்?”

கயிறு முறுக்கியவர்கள் கயிற்றையே பார்த்தார்கள். எவர்ட்டன் தலையைச் சொறிந்தான். “மினோரி, முதலாளிக்குச் சங்கடமா இருக்கும்” என்றான் மெதுவாக.

“உனக்கு இல்லையா?”

அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்து நடந்து போனாள். பின்னாலிருந்து பார்த்தால் தகப்பனே போவதுபோல இருந்தது. நான் இதைக் கிசாபுரோவிடம் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளையின் ரோஷத்தைத் தகப்பனிடம் தூது கொண்டுபோவது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

மே மாதம் மூன்றாம் தேதி நகதாஜிமா மணல்மேட்டில் காற்று கடலிலிருந்து நன்றாக எழுந்தது. கிசாபுரோ வந்திருந்தான். வராவிட்டால் ஊர் கவனிக்கும் என்பதால் வந்தான். பேட்டைக் கொடிக்குக் கீழே, குழுவிலிருந்து சற்று விலகி, என் பக்கத்தில் நின்றான். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு கூட்டம், ஒரு எக்காளம். மணல் வாயில் நறநறத்தது. எவர்ட்டன் முன்கயிற்றில் இருந்தான். ஓபா சத்தம் போட்டார். கயிறு இறுகியது. எங்கள் பட்டம் ஒருமுறை தலையை ஆட்டி, ஒரு பக்கம் சரிந்து, பிறகு நிமிர்ந்து ஏறத் தொடங்கியது.

முதலில் பேட்டையின் அடையாளம் தெரிந்தது. பிறகு பட்டம் முழுதாக எங்களைப் பார்த்துத் திரும்பியது. இடது மூலையில் ரூயி என்று கறுப்பாக, பெரிதாக. வலது மூலையில் அகலமான கறுப்பு வளையம். அதற்குள் வெறும் காகிதம். வெயில் பின்னாலிருந்து பட்டதால் அந்த வெள்ளை மற்ற எந்த நிறத்தையும்விடப் பளிச்சென்று தெரிந்தது.

கிசாபுரோ தொண்டையைச் செருமினான்.

பக்கத்துப் பேட்டைக்காரர் ஒருவர், எங்கள் வயதுதான் இருக்கும், கையில் அரிசி உருண்டையோடு எங்கள் ஆட்களிடம் வந்தார்.

“நல்லா ஏறுது உங்க பட்டம். ஆமா, பேர் போட்டிருக்கு, சின்னம் எங்கப்பா? எழுதினவன் தூங்கிட்டானா?”

கயிறு பிடித்திருந்த ஒருவன், “புது வீடுங்க” என்றான்.

“புது வீடுன்னா அப்பன் புதுசா இருப்பான். அம்மா வானத்துல இருந்தா குதிச்சா? அவ வீட்டுது போடலாமே.” அவர் கையை நெற்றியில் வைத்து மறுபடி அண்ணாந்து பார்த்தார். “ரெண்டு பக்கமும் பெரியவங்க போய்ச் சேர்ந்துட்டாங்களா? ஐயோ பாவம். ஆள் இல்லாத பிள்ளை.”

எங்கள் பேட்டை ஆண்கள் ஒருவர்கூடக் கிசாபுரோ பக்கம் திரும்பவில்லை. பார்வையைக் கயிற்றிலும் மணலிலும் வானத்திலும் வைத்துக்கொண்டார்கள். அவனைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அது. அத்தனை பேர் சேர்ந்து ஒருவனைப் பார்க்காமல் இருப்பது எப்படிப்பட்டது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் காது மடல் மெல்லச் சிவந்து கறுத்தது.

அப்போது காற்று அவன் தொப்பியைத் தூக்கியது. மணலில் உருண்டு போயிற்று. கிசாபுரோ அதன் பின்னால் ஓடினான். குனிந்து, கையை நீட்டி, கால் புதையப் புதைய ஓடினான். தொப்பி கிடைத்தபிறகும் அவன் திரும்பி வரவில்லை. அப்படியே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டான்.

மாலை வெளிச்சம் அடங்குவதற்குள் ஊர்வலம் புறப்படுவது கேட்டது. எக்காளம் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப ஊதும். அதோடு கால்களைத் தேய்த்துத் தேய்த்து ஓடிவரும் சத்தம். நான் என் வாசலில் நின்றேன். எதிர் வீட்டு வாசலில் சுமியே நின்றாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் படியில் பெரிய மரப்பெட்டி நிறையச் சிவப்புப் பயறு போட்ட சோறு, மூங்கில் குருத்துக் கூட்டு, ஓக் இலையில் பொதிந்த இனிப்பு. ஊர்வலம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சமைத்திருந்தாள். கிசாபுரோ உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

“வாங்களேன். ஆட்கள் போகும்போது ஒரு வணக்கமாவது சொல்லணும்ல?” என்று அவள் கூப்பிட்டாள். அவன் வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

ஊர்வலம் தெருமுனை திரும்பியது. ஓபா முன்னால் வந்தார். எக்காளம் காதைப் பிளந்தது. கிசாபுரோ வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் ஓபாவின் உள்ளங்கை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

சத்தம் அறுந்தது. உயர்ந்திருந்த காகித விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. அத்தனை பேரும் தலையைக் குனிந்தார்கள். கால் தேய்க்கவில்லை, பூனைபோல் நடந்தார்கள். இருமவும் இல்லை. ஓபா வாசலுக்கு நேரே வந்ததும் கைகளைத் தொடையோடு சேர்த்து ஆழமாக வணங்கிவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அப்படியே வணங்கினார்கள். கேலி ஒரு துளியும் இல்லை. கிசாபுரோ நிற்க வேண்டாம், ஊத வேண்டாம் என்றான். ஒரு வாசலை ஊதாமல் கடக்க எங்கள் பேட்டைக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். அந்த முறையை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள்.

கடைசி ஆள் தாண்டினான். மூன்றாவது வீட்டருகே எக்காளம் மறுபடி வெடித்தது.

பக்கத்து வீட்டு ஹிசானோ அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் நிசப்தம் நன்றாகக் கேட்கும். அவள் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அவசரமாக வந்தாள்.

“சுமியே, என்னம்மா இது? யாருக்கு என்ன ஆச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே! கிசாபுரோவா? நல்லாத்தானே இருந்தாரு மனுஷன்.”

“நான் இங்கதான் இருக்கேன்” என்றான் கிசாபுரோ.

“ஐயையோ. அப்ப யாரு? மினோரியா? குழந்தையா?”

சுமியே திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“சொல்லுங்க. கேக்கறாங்கல்ல? நம்ம வீட்டுல யாரு செத்துப்போனாங்க?”

ஹிசானோ அம்மாள் மாலையை உருட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

சுமியே குனிந்து மரப்பெட்டியைத் துணியோடு தூக்கினாள். “நான் முள்ளங்கி வாங்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு ஊர்வலம் போன பக்கம் நடந்தாள். கூட்டுப் பாத்திரம் படியிலேயே இருந்தது. கிசாபுரோ அதைப் பார்த்தான். வாசல் உத்தரத்தில் தொங்கிய சின்னம் போட்ட விளக்கைப் பார்த்தான். பிறகு விளக்கைக் கழற்றி ஒரு கையில் பிடித்தான். பாத்திரத்தை மறு கையில் எடுத்தான். கதவைச் சாத்த அவனுக்குக் கை இல்லை. நான் போய்ச் சாத்திவிட்டு அவன் பின்னால் போனேன்.

குடியிருப்பின் முற்றத்தில் ஊர்வலம் சுழன்றுகொண்டிருந்தது. மாடிகளிலெல்லாம் ஆட்கள், பிரேசில்காரர்கள், வியட்நாம்காரர்கள், எங்கள் ஆட்கள். கரி அடுப்பில் கம்பியில் கோத்த இறைச்சி சொட்டியது. பெரிய பானையில் பன்றிக்கறி போட்ட கறுப்புப் பயறு. நடுவில் எவர்ட்டன் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். எக்காளச் சத்தத்துக்கு அது அழவில்லை; வாயைத் திறந்து ஓபாவின் நெற்றியில் கட்டியிருந்த துணியைப் பிடிக்கப் பார்த்தது. பட்டம் மாடிப்படிச் சுவரில் சாய்ந்து நின்றது. சுமியே அதற்குள் சோற்றைக் கிண்ணங்களில் போட ஆரம்பித்திருந்தாள்.

கிசாபுரோ சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நின்றான். விளக்கின் சின்னம் போட்ட பக்கத்தைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். யார் கண்ணிலும் படாமல் நிற்க முடியும் என்று நினைத்தான் போலிருக்கிறது. நேய்டே பார்த்துவிட்டாள். தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். தலைமுடியில் இன்னும் வலை இருந்தது. ஒரு காகிதத் தட்டில் இறைச்சியும் பயறும் சோறும் வைத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

“வாங்க ஐயா. வந்தது சந்தோஷம். நீங்க விருந்தாளி. முதல்ல சாப்பிடுங்க.”

அவள் மனதில் கள்ளம் இல்லை. பெரிய மனிதனுக்குச் செய்யும் மரியாதையைச் செய்தாள். ஆனால் முதல் பட்ட மாலையில், கடைசி விருந்தாளி போகும்வரை அந்த வீட்டு ஆட்கள் வாயில் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். கையில் தட்டு இருப்பவன் வெளியாள். அது அவனுக்குத் தெரியும், மினோரிக்கும் தெரியும். அவள் அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாமியாரிடம் சொல்லவில்லை.

கிசாபுரோ பாத்திரத்தைக் கீழே வைத்துத் தட்டை வாங்கினான். நின்றான். இறைச்சியின் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வணங்கினார்கள், போனார்கள்.

ஓபா வியர்வையைத் துடைத்தபடி வந்தார். அவனைக் கண்டதும் குரல் தடுமாறியது. “அண்ணே... வந்துட்டீங்களா. சாப்பிடலையா? ஆறுதே.”

கிசாபுரோ தட்டை அவர் பக்கம் நீட்டினான்.

“நீ சாப்பிடு. வீட்டு ஆளுங்க கடைசியிலதான்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மினோரிக்குக் கேட்டது. அடுப்பை விசிறிக்கொண்டிருந்த எவர்ட்டனின் கை நின்றது. ஓபா தட்டை வாங்கிக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

மினோரி நேய்டேயிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலால் ஒரு பாட்டில் பெட்டியைத் தகப்பன் பக்கம் தள்ளினாள்.

“இதையெல்லாம் திறந்து வைங்கப்பா. திறப்பான் அந்த மேசைல இருக்கு.”

அவன் விளக்கைத் தரையில் வைத்தான். எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்று பார்க்கவில்லை. குனிந்து பாட்டில்களைத் திறக்கத் தொடங்கினான். கடைசி ஆள் போகும்வரை திறந்தான், ஊற்றினான், காலிப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினான். குழந்தையை அன்று யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

பண்டிகை முடிந்து பட்டறை திறந்த காலையில் எவர்ட்டன் வாசலில் நின்றான்.

“முதலாளி, பட்டம் எங்க வீட்டுக் கதவுக்குள்ள நுழையல. பட்டறைல ஒரு சுவர் கிடைக்குமா?”

“மாட்டு” என்றான் கிசாபுரோ.

இப்போது அது மூன்றாவது மிஷினுக்கு மேலே இருக்கிறது. மிஷின் இறங்கும் ஒவ்வொரு முறையும் காகிதம் அதிர்கிறது. மினோரி மறுபடி சோதனை மேசைக்கு வந்துவிட்டாள். குழந்தை சுமியேயிடம் பின்கட்டில் இருக்கிறது. ஒரு நாள் நான் கிசாபுரோவிடம் சொன்னேன்: “தூரிகை என்கிட்ட இருக்கு. ஏணி வெச்சு ஏறினா மூணு இலை வரைய எவ்வளவு நேரம் ஆகும்?”

“முதல் பட்டம் ஒரு தடவைதான் பறக்கும் அண்ணா” என்றான். “அது பறந்தாச்சு.”

போன வாரம் தகடு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்திருந்தான். வெளியூர்க்காரன், எங்கள் வழக்கம் தெரியாது. அண்ணாந்து பார்த்துவிட்டு, “பட்டம் ரொம்ப அழகா இருக்கு. அந்த மூலையில வெறும் வட்டம் எதுக்குங்க?” என்று கேட்டான்.

எவர்ட்டன் மிஷினை நிறுத்தினான். மினோரியின் கட்டைவிரல் தகட்டின் விளிம்பில் நின்றது. “அது ஒரு டிசைனுங்க” என்று எவர்ட்டன் ஆரம்பித்தான்.

கிசாபுரோ நாற்காலியை விட்டு எழுந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“டிசைன் இல்லை” என்றான். “அது நான் குடுக்காம விட்டது.”